நீங்கள் புதைத்த அன்னாசிகள்

மாமா,

என் காரின் பின்னால் மறந்துபோன ஓர் அன்னாசி அழுகிக் கிடந்தது. இன்று மதியம் கதவைத் திறந்ததும் அந்தப் புளித்த வாடை. பழத்தைக் குப்பையில் போட்டேன், நான்கு கதவையும் திறந்துவிட்டேன், அப்படியே வெளியில் உட்கார்ந்துவிட்டேன். தொழிற்சாலைக்குள் திரும்பிப் போகவில்லை. மெஷின் நின்றால் பத்து நிமிடத்தில் காரணம் சொல்கிறவன் நான். இதற்குக் காரணம் தேடவே வேண்டியதில்லை.

பெக்கான் நானாஸ் ஊரில் நீங்கள் குத்தகைக்கு எடுத்த நிலத்தில், கொரோனாவுக்கு நடமாட்டத் தடை வந்த மாதம் பார்த்து அன்னாசி எல்லாம் ஒன்றாகப் பழுத்தது. சாலையோரக் கடைகள் மூடிவிட்டன. லோரி வரவில்லை. வரிசை வரிசையாக அழுகியது. மிச்சமிருந்த ஒரே வழி, விவசாயிகளுக்கு அரசாங்கம் அறிவித்த நிவாரணப் பணம். வந்தால் புதுக் கன்று வாங்கி நடலாம். வராவிட்டால் நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

மனுவை ஆன்லைனில் நான்தான் நிரப்பினேன். ஒவ்வொன்றாக உங்களிடம் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். "இவ்ளோ கேக்குறாங்களே, பொண்ணு குடுக்கப் போறாங்களா?" என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஷிஃப்டுக்கு நேரமாகியிருந்தது. பிறகு ஒருநாள், "செவ்வாக்கெழம ஆபீசர் வராங்க மாமா, தோட்டத்துல இருங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். எதற்கு வருகிறார்கள் என்று சொல்லவில்லை.

ஆள் வருகிறார்கள் என்றால் இடத்தைக் கூட்டி வைக்கிறவர் நீங்கள். தனி ஆளாக மூன்று நாள் அழுகியதை எல்லாம் அள்ளி, குழி வெட்டிப் புதைத்து, புல் வெட்டி, நிழலில் நாற்காலி போட்டு, குடிக்கச் சிராப் தண்ணீரும் கலக்கி வைத்திருக்கிறீர்கள். சாயங்காலம் நீங்களே கூப்பிட்டீர்கள்.

"டேய் எஞ்சினியரே, ஆபீசரா வந்த மலாய்க்காரப் பொண்ணு என்னா சொல்லுச்சு தெரியுமா? அங்கிள், ஒங்க தோட்டம் ரொம்ப அழகா இருக்காம்! போட்டோல்லாம் புடிச்சுச்சுடா."

"அழுகின பழம்லாம் எங்க மாமா?"

"அதப் போயி காட்டுவாங்களா? பொதைச்சிட்டேன்ல."

சேதத்தைப் படமெடுக்க வந்தவருக்குச் சேதமே இல்லாத தோட்டத்தைக் காட்டியிருந்தீர்கள். கத்தினேன். "அறிவிருக்கா மாமா ஒங்களுக்கு? அதானே ஆதாரம்!"

"எதுக்கு வராங்கன்னு சொல்லியிருந்தா தொட்டிருக்க மாட்டேனேடா" என்றீர்கள். பிறகு, மெதுவாக, "வேணும்னா தோண்டி எடுத்துக் காட்டவா?"

நான் போனை வைத்துவிட்டேன்.

மனு தள்ளுபடியானது. மேல்முறையீட்டுக்கும் அந்தப் படங்களைத்தான் பதிலாகக் காட்டினார்கள். நிலம் போனது. நீங்கள் ஒரு தாமான் குடியிருப்பில் ஜாகாவாகக் காவல் வேலைக்குப் போய், கேட்டில் உட்கார்ந்து கார் நம்பர் எழுதினீர்கள். அம்மா ஏசியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். "என் தப்புதான்கா. இவன் எல்லாம் சரியாத்தான் செஞ்சான், நாந்தான் கெடுத்துட்டேன்" என்றீர்கள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அதற்குள் அந்த ஜாகா கொட்டகையிலேயே உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது.

ஒவ்வொரு படையலுக்கும் அம்மா ஒரே பாட்டுதான்: "அன்னிக்கு அவன் கூட்டிப் பெருக்காம இருந்திருந்தா…"

இன்று சாயங்காலம் நேராக அம்மா வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். "ஆபீசர் எதுக்கு வராங்கன்னு நான் மாமாகிட்ட சொல்லவே இல்லம்மா."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. "அது தெரிஞ்சுமா தப்பத் தன் மேல போட்டுக்கிட்டான் அவன்?"

"ஆமாம்மா."

ஏசுவார் என்று நின்றேன். ஏசவில்லை. கையைக்கூடக் கழுவாமல் போய் உங்கள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். "இத்தன வருசமா ஒன்னத்தானேடா ஏசிக்கிட்டு இருந்தேன்" என்று உங்களிடம் சொல்லி அழுதார்.

அம்மா மன்னிப்புக் கேட்டுவிட்டார், மாமா. நான் இன்னும் கேட்கவில்லை. கேட்டால், "விடுறா" என்று உடனே சொல்லிவிடுவீர்கள். அதனால்தான் கேட்க முடியவில்லை.