ஸ்டென்ட் வச்சுப் பதினொரு வருஷம்

மஸ்கட்,
வெள்ளிக்கிழமை காலை

அன்புள்ள ரத்தினத்துக்கு,

நான் சுகமா இருக்கேன். உன் முட்டுவலி எப்படி இருக்கு? ராஜபாளையத்துல மழை உண்டா?

போன்ல சொன்னா நீ அழுதுருவ. அதான் ஊருக்கு வார, என்கூட ரூம்ல இருக்க வினோத் கையில இதைக் கொடுத்து விடுதேன். போன வாரம் படியேறும்போது நெஞ்சு செத்த நேரம் இறுக்கிப் பிடிச்சுது. வினோத்துதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனான். மணிக்கட்டு வழியா குழாய் விட்டுப் பாத்தாவ. பயப்படாதே. அப்போ மதுரையில வச்ச ஸ்டென்ட் இன்னும் அடைக்காமத்தான் இருக்காம். வேற ரத்தக்குழாய்ல லேசான அடைப்பு, மாத்திரை போதும்னுட்டாவ.

"பதினொரு வருஷமா நல்லாப் பாத்திருக்கீங்களே!"ன்னாவ டாக்டரம்மா.

"நான் இல்லம்மா, என் வீட்டுக்காரி"ன்னேன்.

ஸ்டென்ட் வச்சுட்டு நாம திரும்பின பஸ் ஞாபகம் வந்துட்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா கேட்டு அடம்பிடிச்சேன். நீ கால் கிலோ வாங்கி, என் நாக்குல ஒரு துளி வச்சுட்டு, மிச்சத்தைப் பஸ்ஸுல இருந்தவங்களுக்கெல்லாம் கொடுத்துட்ட. "நீங்க எனக்கு ரொம்ப நாள் வேணும், அம்புட்டுதான்"ன்ன. அந்த ருசி இன்னும் நாக்குல நிக்கி.

ஒரு உண்மையும் சொல்லிருதேன். இங்க வந்த பொறவு, எடுத்துக் கொடுக்க ஆளில்லாம, பல நாள் மாத்திரை போடாம விட்டுட்டேன். உன்கிட்ட மறைச்சது தப்புதான்.

வினோத் திரும்பும்போது ரெண்டு கைலி கொடுத்து விடு. அவனைக் கூப்பிட வண்டி வந்துட்டு, முடிக்கேன். இனி தினமும் காலையில போன் போட்டு, மாத்திரை போட்டாச்சான்னு கேளு. போடலைன்னா நல்லா ஏசு. தூரத்துல இருக்கேன்னு பாவம் பாக்காதே.

உன்,
ஐயாதுரை