ஜிலேபியின் எடை

அக்டோபர் 4, வெள்ளி

ஷார்ஜாவில் இன்னும் புழுக்கம். பால்கனிக் கண்ணாடியில் நீர் வழிகிறது.

ஜிலேபி இன்றும் எலியைத் தொடவில்லை. மகள் நஸ்ரின் பெங்களூருக்குப் படிக்கப் போகும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போன பாம்பு. கார்ன் ஸ்னேக், விஷமில்லாத ஜாதி. ஆரஞ்சு நிறம், சுருண்டு படுக்கும், அதனால் இந்தப் பெயர். இன்னும் குட்டி, என் சுண்டுவிரல் தடிமன்.

அவள் சொன்னபடியேதான் எல்லாம். வாரம் ஒரு குட்டி எலி. உறைந்ததைப் பையோடு வெதுவெதுப்பான நீரில் போட்டு இளக்கி, இடுக்கியால் நீட்டணும். பாம்பின் தடித்த இடம் எவ்வளவோ, எலியும் அவ்வளவு. நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார் துரை. போன வாரம் கண் வெளுத்திருந்தது, சட்டை உரிக்கப் போகிறது என்று விட்டேன். இப்போது உரித்தும் ஆயிற்று.

ஹாலிலிருந்து என் மனைவி சபியா: "பட்டினி கெடக்கட்டும். வீட்டுல எலி வந்ததுலேர்ந்து நானும் பாதிப் பட்டினிதான்."

எலிக்கென்று தனி ஃப்ரிட்ஜே வாங்கியிருக்கிறேன். அப்படியும் இந்தப் பேச்சு.

அக்டோபர் 6, ஞாயிறு

நஸ்ரின் போன். "வாப்பா, வெயிட் பாருங்க. நாப்பத்தஞ்சு கிராமுக்குக் கீழ போனா சீரியஸ். அஜ்மான்ல என் ஃப்ரெண்டு இருக்கா, அவகிட்ட குடுத்துடலாம்."

குடுத்துடலாமாம்! அவள் போனபின் வீடு வெறிச்சென்று இருக்கிறது. கடை விட்டு வந்து நான் பேச்சுக் கொடுப்பது அந்தக் கண்ணாடித் தொட்டியிடம்தான். இதை அவளிடம் சொல்லவில்லை.

சமையல் தராசைச் சபியா தரமாட்டேன் என்றுவிட்டாள். என் அத்தர் கடையில் ஊத், அதாவது அகில் கட்டை, நிறுக்கும் தராசைத் தூக்கி வந்தேன். காலி ஐஸ்கிரீம் டப்பாவை வைத்து, சைபராக்கி, உள்ளே ஜிலேபி. 51 கிராம். நஸ்ரின் போகும்போது 54.

இனி தினமும் நிறுக்கணும்.

அக்டோபர் 11, வெள்ளி

50, 50, 49, 49. இன்று 48. எலியும் வேண்டாமாம். எனக்கும் பிரியாணி இறங்கவில்லை.

அக்டோபர் 12, சனி

கால்நடை டாக்டர். மலையாளி அம்மா, தமிழ் பேசுகிறார். ஜிலேபியை விரல்களுக்கு நடுவே ஊர விட்டார்.

"முதுகெலும்பு துருத்தலை. உடம்பு உருண்டையா இருக்கு. லேசா மெலிஞ்சிருக்கு, அவ்வளவுதான். ரொம்ப குண்டானா செதில் விலகித் தோல் தெரியும், அதுவும் நல்லதில்லை."

அப்புறம் என் பக்கம் மூக்கை நீட்டினார். "சாருக்கு அத்தர் கடையோ?"

ஆமாம் என்றேன்.

"பாம்பு நாக்கால மணம் பிடிக்கும். உங்க கை, இடுக்கி, தராசு, எல்லாத்துலயும் ஊத். பாவம், எலி எதுன்னு அது எப்படிக் கண்டுபிடிக்கும்? போதாததுக்கு தினமும் தூக்கி நிறுக்கறீங்க. விடுங்க சாரே. வேற யாராவது தீனி கொடுக்கட்டும்."

என் கைமணத்துக்காகவே கடை தேடி வருகிறவர்கள் உண்டு. ஒரு பாம்புக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? சபியா!

அக்டோபர் 13, ஞாயிறு

எலுமிச்சை, காப்பித்தூள், பாத்திரச் சோப்பு. தேய்த்துத் தேய்த்துக் கை எரிகிறது. சபியா மோந்து பார்த்தாள். "போவாது. ரத்தத்துலயே ஊறிப்போச்சு."

அக்டோபர் 18, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் கேட்டேவிட்டேன். "ஒரே ஒரு தடவை, எனக்காக."

எலியை அவளே இளக்கினாள். புது இடுக்கி, ரப்பர் கையுறை. தொட்டி இருக்கும் நஸ்ரின் அறைக்கு வெளியே என்னை நிறுத்திக் கதவைச் சாத்தினாள். "பிஸ்மில்லா" என்றது கேட்டது. பிறகு ஒரே அலறல்.

ஓடினேன். நஸ்ரினின் கட்டில்மேல் நிற்கிறாள். இடுக்கி தொட்டிக்குள். ஜிலேபி வாயில் எலியின் வால் மட்டும்.

"என்னா வெரசா புடுங்குச்சு தெரியுமா!" முகமெல்லாம் சிரிப்பு. கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

செரிக்கும்வரை தொடக்கூடாது. தொடவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

புழுக்கம் குறைந்துவிட்டது. ஏசி இல்லாமல் தூக்கம்.

முந்தாநாளும் சபியா கையால் எலி. இன்று எடை 53. முதுகைத் தடவிப் பார்த்தேன், நல்ல உருண்டை.

சாயங்காலம் நஸ்ரின் போன். "வாப்பா, ஃப்ரெண்டு ரெடியா இருக்கா. நாளைக்கே வந்து எடுத்துக்குவா. உம்மாவுக்கும் நிம்மதி."

நான் வாயைத் திறப்பதற்குள் சபியா போனைப் பிடுங்கினாள்.

"சாப்புட ஆரம்பிச்ச புள்ளைய யாராச்சும் தூக்கிக் குடுப்பாங்களாடி? போனை வையி."