சாமி இரண்டாம் பாகத்தில் வருமாம்

செங்கம் ரோடு,
திருவண்ணாமலை.

அன்பு மகன் இளவரசனுக்கு அம்மா ஆசி கூறி எழுதுவது. நீயும் மருமகள் கீதாஞ்சலியும் அந்தக் குளிர் ஊரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க அண்ணாமலையார் துணை. இங்கே நான் சௌக்கியம், அப்பாவின் சௌக்கியத்தைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். தீபத்துக்குப் பந்தக்கால் நட்டாகிவிட்டது. கீழ்பென்னாத்தூரிலிருந்து திரௌபதி அத்தை ஒரு மூட்டை மல்லாட்டை அனுப்பினாள், இந்த வருஷம் மழை கம்மியாம், உடைத்துப் பார்த்தால் பாதி உள்ளே கடலையே இல்லாத பொக்கு. மாடி ரூமுக்கு டெல்லிக்காரர் ஒருவர் வந்திருக்கிறார், ஆசிரமத்துக்கு வந்தவர் என்று நினைத்தேன், நாவல் எழுத வந்தவராம். ஆவணியிலிருந்து மேஜையை ஜன்னல் பக்கம் தள்ளுகிறார், மறுபடி சுவர்ப் பக்கம் தள்ளுகிறார், கீழே எனக்குக் காது போகிறது. ஒரு வரி எழுதியதாகத் தெரியவில்லை. இந்த நாவல் வியாதி நம் வீட்டை விட்டுப் போகாது போலிருக்கிறது.

உன் விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசினால் நீ என்னை முடிக்க விடுவதில்லை, அதனால்தான் கடிதம். சென்னைப் பதிப்பகத்தார் உன் நாவலைத் திருப்பிவிட்டார்கள், முதலில் கொஞ்சம் சிறுகதை எழுதிப் பாருங்கள் என்று எழுதிவிட்டார்கள், அதற்கு நீ வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறாய். ஆறு வருஷம் நாவல் எழுதினவனைப் போய் சின்னப் பசங்க எழுதுறத எழுதச் சொல்றாங்கம்மான்னு கத்தினாய். அவர்கள் சொன்னதில் என்னடா தப்பு? நாலு பேருக்கு ரசம் வைக்கத் தெரியாதவன் கல்யாணச் சமையலுக்கு அச்சாரம் வாங்கின கதையாக அல்லவா இருக்கிறது உன் கதை. நாலு பக்கக் கதையில் உப்பு ஜாஸ்தியானால் அந்த வாரமே தெரிந்துவிடும், கொட்டிவிட்டு வேறு வைக்கலாம். நீ ஆறு வருஷம் அண்டா அண்டாவாக வடித்துவிட்டு இப்போதுதான் அடுத்தவர் வாயில் வைத்துப் பார்க்கச் சொல்கிறாய்.

படிக்காமல் பேசுகிறேன் என்று நினைக்காதே. ஜுபைர் ஜெராக்ஸ் கடையில் கொடுத்துத்தான் பிரிண்ட் போட்டேன், இவ்ளோ பேப்பரா, சொத்து கேஸாம்மான்னு கேட்டான், என் பையன் எழுதின கதைப்பான்னு பெருமையாகத்தான் சொன்னேன். முழுசும் படித்தேன். எல்லாரும் காபி குடிக்கிறார்கள். ஆள் வந்தால் காபி, போனால் காபி, அழுதால் காபி. மணிவேல் என்று ஒரு சித்தப்பா வருகிறார், அவர் மூக்கையும் மீசையையும் மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய், சரி, ஏதோ செய்யப் போகிறார் என்று நானும் காத்திருந்தேன், கை கழுவப் போன மனிதர் புத்தகம் முடிகிறவரை திரும்பி வரவில்லை. சிறுகதையில் ஒரு ஆளை இப்படித் தொலைக்க முடியுமா? உனக்கு இங்கே என்ன வேலை என்று ஒவ்வொருவரையும் வாசலில் நிறுத்திக் கேட்டுவிட்டுத்தானே உள்ளே விட வேண்டும். எங்கே ஆரம்பிப்பது, எதை விடுவது, எங்கே வாயை மூடுவது என்று நாலு பக்கத்தில் பழகாதவன் எண்ணூறு பக்கத்தில் எங்கே பழகப் போகிறான்? பக்கம்தான் கிடக்கிறதே என்கிற தைரியத்தில் எல்லாவற்றையும் தள்ளிப் போட்டிருக்கிறாய். நடுவில் ஒரு இடம், தண்ணீர் லாரிக்குப் பின்னால் அந்தப் பெண் குடத்தோடு ஓடுகிற இடம், அரைப் பக்கம்தான், அதைப் படித்து அழுதுவிட்டேன். அதற்குள் யாரோ காபி கொண்டுவந்துவிட்டார்கள்.

இப்போது அப்பா. பக்கவாதத்துக்குப் பிறகு வலது கை வரவில்லை என்பது உனக்குத் தெரியும், பேச்சு ஒன்றிரண்டு வார்த்தை வருகிறது. காலை டிபனுக்கும் மாத்திரைத் தூக்கத்துக்கும் நடுவில் ஒரு அரை மணி நேரம்தான் தெளிவாக இருக்கிறார். அந்த அரை மணியில் அவர் கேட்பது உன் புத்தகத்தைத்தான். தினமும் படித்துக் காட்டுகிறேன். உன் நாவல் தீபத்தன்று காலையில் தொடங்குகிறது, பஸ் கூட்டம் வருகிறது, போலீஸ் தடுப்பு வருகிறது, பொரி விற்கிறவன் வருகிறான், செருப்பு விடுகிற இடம் வருகிறது, நீ சாயங்காலத்துக்குப் போவதற்குள் அவர் தூங்கிவிடுகிறார். மறுநாள் அவருக்கு எதுவும் நினைவில்லை, மறுபடி முதல் பக்கம். ஆடி மாதத்திலிருந்து நாங்கள் செருப்பு விடுகிற இடத்தைத் தாண்டவில்லை. கண் சொருகுவதற்கு முன்னால் சாமி வந்துச்சான்னு ஒரு தரம் கேட்பார், இல்லீங்க, இன்னும் வரலன்னு சொல்வேன். ஒரு நாள் மனசு கேட்காமல் நடுவில் உள்ளதைத் தள்ளிவிட்டு அந்த இடத்துக்கே போய்விடலாம் என்று பக்கத்தைப் புரட்டினேன். பத்து நாள் திருவிழா நடந்தாலும் ஜனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது, வருஷத்துக்கு ஒரு தரம் அர்த்தநாரீஸ்வரர் ஆடிக்கொண்டே வெளியே வந்து உள்ளே போகிற அந்த இரண்டு நிமிஷத்துக்குத்தானே. அது உன் புத்தகத்தில் இல்லை, அதைத் தேடித்தான் முழுசையும் படித்தேன். நாற்பது பக்கம் கூட்டத்தை எழுதிவிட்டு, சரியாக சாமி வருகிற நேரத்துக்கு உன் கதாநாயகனுக்குக் காலேஜ் ஞாபகம் வந்து சென்னைக்குப் போய்விடுகிறான். போனில் கேட்டதற்கு, அது ரெண்டாம் பாகத்துல வரும்மா என்றாய். போய் அவரிடம் என்ன சொல்லட்டும், சாமி இரண்டாம் பாகத்தில் வருமாம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றா?

அவர் ஏன் அதையே கேட்கிறார் என்று உனக்குத் தெரியாதா? உனக்கு ஆறு வயதில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நின்றார். சாமி வந்ததும் ஜனம் போட்ட அரோகரா சத்தத்தில் நீ பயந்துபோய் அவர் கண் இரண்டையும் இறுக்கிப் பொத்திக்கொண்டாய். நீ கையை எடுப்பதற்குள் சாமி உள்ளே போய்விட்டது. நீ பார்த்தாய், அவர் பார்க்கவில்லை. வீடு வருவதற்குள் தோளில் இருந்தபடியே நீ அவருக்குச் சொல்லி முடித்தாய், அப்போது உனக்கு இரண்டாம் பாகம் எதுவும் தேவைப்படவில்லை. வாசலில் நின்று அவர் என்னிடம் சொன்னது, நான் பாக்கலடி, இவன் சொன்னான் பாரு, பாத்துட்டேன்னு. அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்துக்கு அவர் போகவில்லை, இனிமேல் போகவும் முடியாது.

அதனால் பதிப்பகத்தாருக்காக எழுத வேண்டாம், எனக்காகவும் வேண்டாம், அந்த இரண்டு நிமிஷத்தை மட்டும் ஒரு கதையாக எழுதி அனுப்பு. அரை மணிக்குள் படித்து முடிக்கிற மாதிரி இருக்கட்டும். பஸ்ஸில் ஏறாதே, செருப்பு விடாதே, யாருக்கும் காபி கொடுக்காதே. அதை எழுதி முடித்தால் எண்ணூறு பக்கத்தில் எதை வெட்டுவது என்று உனக்கே தெரிந்துவிடும், அதற்கு ஒரு பதிப்பகத்தார் வந்து சொல்ல வேண்டியதில்லை. எழுத்தைப் பெரிதாகப் போடு, எனக்கும் கண் முன்போல் இல்லை. வேளைக்குச் சாப்பிடு, கதை திரும்பி வந்த கோபத்தைக் கீதாஞ்சலி மேல் காட்டாதே. உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், உனக்குத் தனியாகக் கொஞ்சம் புத்தியும் அண்ணாமலையார் கொடுக்கட்டும். தீபத்துக்கு முன்னால் கதை வந்து சேர வேண்டும். மறந்துவிடாதே, அப்பா முழித்திருக்கும்போதே சாமி வெளியே வந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆதிலட்சுமி