ஊற்று ஒன்று, வறண்டது

மே 3

சிலுவைத் திருநாள். வழக்கம்போல ஊற்றின் வாயைச் சாக்கால் அடைத்து, தொட்டியை வடித்து, பாசியைத் தேய்த்தோம். ஊற்றடிச் சிலுவைக்குப் பூச் சுற்றும்போது மாநில அலுவலகத்து ஆள் ஒருவர் வந்தார். எங்கள் ஊர் சான் அதனாசியோவின் புவியியல் குறிப்பு எழுதுகிறாராம். ஊர்த்தலைவன் பல்தோமேரோ, என் கொழுந்தன், அவருக்கு வான்கோழிக் குழம்பை ஊட்டிவிடாத குறை. புல்கே கள் வேறு.

ஆகஸ்ட் 19

குறிப்பு அச்சாகி வந்துவிட்டது. உயரம், மண், மழை எல்லாம் சரி. கடைசியில்: 'ஊற்று ஒன்று, வறண்டது.'

வறண்டதா? என் மாவு மில்லுக்குச் சோளம் ஊறவைப்பது எதிலாம்?

"ஏன்டா, தண்ணிய அடைச்சு வச்சிருக்கோம்னு அந்த ஆள்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அது யாருக்கு அண்ணி தெரியாது?"

ஆகஸ்ட் 20

யாருக்குத் தெரியாதாம்! மடையன்.

அக்டோபர் 7

மேட்டில் அவகாடோ தோட்டம் போடுகிறவர்களுக்கு ஆழ்துளைக் கிணறு தோண்ட அனுமதி கொடுத்துவிட்டார்கள். கீழே ஊற்று இருந்தால் கொடுக்க மாட்டார்களாம். அலுவலகத்தில் போய்க் கத்தினேன். மேசையில் இருந்த பெண் அந்தப் பக்கத்தைக் காட்டினாள்.

"வறண்டதுன்னு போட்டிருக்கேம்மா."

"அப்ப நான் குடிக்கிறது என்ன, உங்க பேனா மையா?"

மறுபடி ஆள் அனுப்புவார்களாம். எப்போது? பார்க்கலாமாம்.

நவம்பர் 2

இறந்தோர் நாள். என் புருஷனுக்குப் படையல். குவளையில் ஊற்றுத் தண்ணீர் வைத்தேன். அண்ணனைக் கும்பிட பல்தோமேரோ வந்தான். ஒரு வாய் காபி கொடுக்கவில்லை. அற்பத்தனம்தான். இருக்கட்டும்.

மார்ச் 11

வாளி நிறையக் காத்து நிற்க வேண்டியிருக்கிறது. மேட்டில் மோட்டார் ஓயவே மாட்டேன் என்கிறது. பாவிகள்.

ஏப்ரல் 26

ஒருவழியாக அலுவலகத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். பல்தோமேரோ விருந்து கிருந்து என்று இழுக்கவில்லை. நேராக ஊற்றுக்குக் கூட்டிப்போனான்.

"இன்னைக்கு அடைச்சு வைக்கலைம்மா. நீங்களே பாருங்க."

அவள் குனிந்து ஊற்றின் வாய்க்குள் கைவிட்டாள். கை நனையவில்லை. குறிப்பில் மாற்ற எதுவும் இல்லை என்று மெல்லச் சொன்னாள்.

திட்ட வாயெடுத்தேன். யாரைத் திட்ட? அவள் கண்ணால் கண்டதைத்தானே சொன்னாள்.

மே 3

எல்லோரும் துடைப்பத்தோடு வந்தோம். சிலுவைக்குப் பூச் சுற்றினோம். பல்தோமேரோ பழக்கத்தில் சாக்கையும் கொண்டுவந்துவிட்டான். வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

சாக்கை வாங்கிக்கொண்டு, அவன் கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுத்தேன்.