குருவி மார்க் சவப்பெட்டி

தெஸ்ஸலோனிக்கி
9 மார்ச் 2018

அன்புத் தம்பி ஸ்தெர்யோஸுக்கு,

நலம். நீயும் அப்பாவும் நலம்தானே? போனை எடுக்க மாட்டேன் என்று நீ அடம்பிடிப்பதால் எழுதுகிறேன்.

நீ சவ அடக்கக் கடை நடத்துவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் சவ வண்டியின் கதவில் நம் ரஸ்க் கம்பெனியின் குருவியை எதற்கடா வரைந்தாய்? அதே நீலம், அதே பிளந்த வால். வாயில் கோதுமைக் கதிர் மட்டும்தான் இல்லை. நேற்று ஒரு கடைக்காரர் கேட்கிறார்: "என்னம்மா, இப்ப சவப்பெட்டியும் போடுறீங்களாமே? டஜனா எடுத்தா தள்ளுபடி உண்டா?" எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

அடுத்த மாதம் குழந்தைகள் பிஸ்கட் வெளிவருகிறது. அட்டையில் அந்தக் குருவிதான். தயவுசெய்து உன் வண்டியில் இருப்பதை அழித்துவிடு. நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று கம்பெனி வக்கீல் குதித்துக்கொண்டிருக்கிறார்.

பல்லைக் கடித்தபடி, அன்புடன்
எவாந்தியா

கோசானி
20 மார்ச் 2018

அன்புள்ள அக்கா,

உன் கடிதமும் வக்கீல் நோட்டீஸும் ஒரே தபாலில் வந்தன. நல்ல அக்கா!

நீ விற்பது ரஸ்க், நான் விற்பது சவப்பெட்டி. எந்த மடையன் ஒன்றை நினைத்து மற்றதை வாங்குவான்? கம்பெனியை அப்பா உனக்குக் கொடுத்தபோது நான் வாய் திறந்தேனா? அவர் கையால் வரைந்த குருவி மட்டும் எனக்கும் இருக்கட்டும் என்றுதான் வைத்தேன். அழுதுகொண்டு வருகிறவர்கள் அதைப் பார்த்துக் கொஞ்சம் ஆறுகிறார்கள்.

நோட்டீஸை அப்பாவுக்குப் படித்துக் காட்டி, நானும் ஒரு வக்கீலைப் பிடிக்கப்போகிறேன் என்றேன். "என் குருவிக்கு ரெண்டு வக்கீலா? எனக்கு ஒரு டாக்டர் ஒழுங்கா வர்றதில்ல" என்றார்.

அழிக்க மாட்டேன்.

உன் தம்பி
ஸ்தெர்யோஸ்

தெஸ்ஸலோனிக்கி
2 அக்டோபர் 2018

தம்பி,

வழக்கு அடுத்த வாரம். இதை நான் எழுதியது தெரிந்தால் என் வக்கீல் என்னையே உன் கடைக்கு அனுப்பிவிடுவார். இருந்தாலும் கேள்.

சாதாரண மார்க் என்றால், சரக்கு வேறு என்று சொல்லித் தப்பித்துவிடலாம். நாடறிந்த மார்க்குக்குச் சட்டம் வேறு. உன் குருவியைப் பார்த்ததும் ஜனங்களுக்கு எங்கள் ரஸ்க் ஞாபகம் வந்து, அதனால் எங்கள் பெயர் கெடும் என்றாலே போதும், தடைதான். அதனால் நீ சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "யாருக்கும் ரஸ்க் ஞாபகம் வராது." வேறு எதுவும் பேசித் தொலைக்காதே.

எவாந்தியா

தெஸ்ஸலோனிக்கி
23 நவம்பர் 2018

ஸ்தெர்யோஸ்,

தீர்ப்பு வந்துவிட்டது. ஜெயித்த எனக்குச் சோறு இறங்கவில்லை.

படித்துப் படித்துச் சொன்னேனே! கோர்ட்டில் எழுந்து நின்று என்ன பேசினாய்? "எங்க ஊர்ல குருவி ரஸ்க் இல்லாம ஒரு சாவு உண்டா? அடக்கம் முடிஞ்சு காப்பி, பிராந்தியோட கடிக்கிறது எதை? சவப்பெட்டியைப் பார்த்தாலே எல்லாருக்கும் குருவி ரஸ்க்தான் ஞாபகம் வரும்!" கூடத்தில் கைதட்டல் வேறு. நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எதிர்த்தரப்பும் அதைத்தாங்க சொல்லுது" என்றார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்ள உன்னிடம்தான் படிக்க வேண்டும்.

அப்பா என்ன சொன்னார்?

எவாந்தியா

கோசானி
5 டிசம்பர் 2018

அம்மணி,

குருவியைச் சுரண்டியாயிற்று. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பாடு குறைந்துவிட்டது.

என் தொழிலில் உங்கள் குருவி தெரியக் கூடாது என்பது தீர்ப்பு. எனவே உங்கள் ரஸ்க்கையும் நிறுத்திவிட்டேன். இப்போது வாங்குவது காப்பியில் நனைத்ததும் கரைந்து போகிறது. செத்தவரை விட்டுவிட்டு எல்லாரும் என்னைத் திட்டுகிறார்கள். திட்டட்டும்.

இனி எழுத வேண்டாம்.

ஸ்தெர்யோஸ்

தெஸ்ஸலோனிக்கி
12 பிப்ரவரி 2019

தம்பி,

எழுத வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். அப்பாவை அடக்கம் செய்த அன்று நீயும் நானும் ஒரு வார்த்தை பேசவில்லை. இனி யார் வந்து நம்மைப் பேசவைப்பது?

அப்பாவை ஏற்றிய வண்டியின் கதவைப் பார்த்தேன். நீ சுரண்டிய இடம் குருவி வடிவத்திலேயே தழும்பாக இருக்கிறது. பக்கத்தில் நின்ற வக்கீல் என் காதில், "அந்தத் தடமும் ஒத்த அடையாளம்தான் மேடம். இன்னொரு நோட்டீஸ்..." என்று ஆரம்பித்தார். "வாயை மூடிக்கிட்டு ரஸ்க்கைத் தின்னுங்க" என்றேன்.

அப்புறம்தான் நானும் ஒன்றைக் கடித்தேன். நம் ரஸ்க்! குருவி கண்ணில் படாமல் உறையைப் பிரித்துத் தட்டில் கொட்டியிருக்கிறாய். நீ நல்லது செய்தாலும் அதில் ஒரு குத்தல் இருக்கும். வந்தவர்கள் எல்லாரும் ஒரு கடி கடித்ததும், "குருவி ரஸ்க்" என்றார்கள். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அங்கேதான் வெடித்தது. அப்பாவின் சாவுக்கு அப்பாவின் குருவியே வர முடியாமல் செய்தவள் நான்தானே.

இதோடு அனுமதிக் கடிதம் வைத்திருக்கிறேன். குருவியைத் திரும்ப வரைந்துகொள். குழந்தைகள் பிஸ்கட் விற்றால் விற்கட்டும், விற்காவிட்டால் போகட்டும்.

உன் அக்கா
எவாந்தியா

கோசானி
1 மார்ச் 2019

அன்புள்ள அக்கா,

உன் அனுமதிக் கடிதத்தைப் படித்துத் தலை சுற்றுகிறது. குருவி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்கே ஒரு பக்கமா! கையெழுத்துப் போட்டுவிட்டேன். வரைகிறவன் நாளை வருகிறான்.

அப்பாவின் நாற்பதாம் நாள் பூசை மார்ச் பதினேழு, ஞாயிறு. வக்கீல் வேண்டாம், நீ மட்டும் வா. வரும்போது ரஸ்க் கொண்டு வா.

உறையோடு கொண்டு வா.

உன் தம்பி
ஸ்தெர்யோஸ்