பால் திரிந்த வீடு

எங்கள் தெருவில் குழாய் வேலை நடக்கிறது. நகராட்சித் தண்ணீர் நின்று போயிற்று. எதிர்வீட்டுப் பெண் தனக்குச் சொல்லும்போது எனக்கும் சேர்த்து ஒரு கேன் தண்ணீருக்குச் சொல்லிவிட்டாள். இன்று காலை அதைக் கொண்டுவந்தவர் மூடியின் மேலிருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழித்ததும் ஒரு வாடை வந்தது. புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்தால் வருமே, கிட்டத்தட்ட அதுதான். ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தேன். இனித்தது. எந்த ஊருக்கும் சொந்தமில்லாத இனிப்பு. குடித்து முடிப்பதற்குள் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. எழுபதை நெருங்கும் ஒருத்தி இராஜபாளையத்து வீட்டில் தனியாக நின்று தண்ணீர் டம்ளரைப் பார்த்துச் சிரித்ததை நல்ல வேளையாக யாரும் பார்க்கவில்லை. நீ பார்த்திருந்தால் காரணம் கேட்டிருக்க மாட்டாய். நீயும் சேர்ந்து சிரித்திருப்பாய்.

என் கணவர் இறந்த மறு வருடம் நான் மில் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றேன். எங்கள் மில்லோடு நெடுநாள் வியாபாரம் செய்த ஒருவர் சென்னையில் துணி ஏற்றுமதி நிறுவனம் நடத்தினார். வெளிநாட்டுக்குப் போகும் கடிதங்களைப் பிழையில்லாமல் எழுதவும், மற்றவர்கள் எழுதுவதைத் திருத்தவும் ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். நான் யோசிக்கவே இல்லை. உடனே சரி என்றேன்.

யோசிக்க வேண்டியிருந்தது வீட்டைப் பற்றித்தான். என் மகன் சென்னையில், தாம்பரத்தையும் தாண்டிக் குடியிருந்தான். "நம்ம வீட்டுலயே ஒரு ரூம் சும்மாத்தானேம்மா கிடக்கு" என்றான். நல்ல பிள்ளை. மருமகளும் முகம் சுளிக்காதவள். ஆனால் அந்த அறையில் போய்த் தங்கினால் நான் வேலைக்கு வந்தவளாக இருக்க மாட்டேன். கணவன் போன பிறகு மகனிடம் வந்து சேர்ந்தவளாக ஆகிவிடுவேன். இரண்டும் ஒன்றல்ல என்பதை அவனிடம் விளக்க முயன்றேன். அவனுக்குப் புரியவில்லை. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைக்குள் வீடு அமைந்தால் என் விருப்பம். அமையாவிட்டால் அவன் வீட்டிலிருந்துதான் வேலைக்குப் போவேன், அதன் பிறகு தனி வீட்டுப் பேச்சை எடுக்க மாட்டேன்.

இதைச் சொல்லத்தான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு உன் வீட்டுக்கு வந்தேன். நீ பின்கட்டில் பால்கோவா அடுப்புகளுக்கு நடுவே, கிண்டுகிறவர்களை அதட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். முழுவதும் கேட்டுவிட்டு, "நானும் வாரேன்" என்றாய்.

"நீ எதற்கு?"

"ஒனக்கு வீடு பாக்கத் தெரியாது மதர். நீ கதவு நேரா இருக்கா, ஜன்னல் நேரா இருக்கான்னு பாப்ப. வீட்டப் பாக்கணும்னா மொதல்ல தண்ணியக் குடிச்சுப் பாக்கணும்."

கான்வென்டில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து உன் ரிப்பனையும் இங்கிலீஷையும் ஓயாமல் திருத்தியதற்காக நீ எனக்கு வைத்த பெயர் 'மதர்'. கன்னியாஸ்திரிகள்கூட என் அளவுக்கு உன்னைப் படுத்தவில்லை என்பாய். தண்ணீர் விஷயம் உன் குடும்பத்து வழக்கம். பெண் கொடுக்கப் போகிற மாப்பிள்ளை வீட்டில் முதலில் தண்ணீர் கேட்டுக் குடிப்பார்கள். உன் தங்கைக்கு வந்த நல்ல சம்பந்தம் ஒன்றை, "மாப்பிள்ளைக்கு என்ன, தங்கம். தண்ணிதான் உப்பு" என்று சொல்லி உன் அப்பா எழுந்து வந்துவிட்டார். பாலோடு பிழைக்கிற குடும்பத்துக்குத் தண்ணீர்தான் ஜாதகம் என்று நீ சொல்வாய். எனக்கு அது மூடப்பழக்கமாகவே தோன்றியது. அதை நான் உன்னிடம் மறைத்ததும் இல்லை.

இராஜபாளையத்தில் நான் சென்னை ரயில் ஏறினேன். அடுத்த நிறுத்தமான ஸ்ரீவில்லிபுத்தூரில் நீ ஏறினாய். கல்யாணத்துக்குப் போகிறவள் போல மூட்டைகளும் பைகளுமாக வந்து, ஜன்னல் ஓரத்தில் இருந்த என்னைப் பார்த்து, "தள்ளி உக்காரு மதர்" என்றாய். அது என் இருக்கை, சீட்டில் எண் போட்டிருக்கிறது என்றேன். "நம்பரு போட்டிருந்தா காத்து ஒனக்கு மட்டுந்தான் அடிக்குமோ" என்று சொல்லி இடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். உன் மடியில் ஓர் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. அடுத்தவர் வீட்டு டம்ளரில் குடித்தால் தண்ணீரின் ருசி தெரியாதாம்.

முதலில் பார்த்த வீடு நன்றாகவே இருந்தது. வீட்டுக்காரர் என் பின்னால் எட்டிப் பார்த்து, "சார் வரலையா?" என்றார். சார் இல்லை என்றேன். "அப்போ பையன் பேர்ல அக்ரிமென்ட் போட்டுக்கலாமா?" என்றார். வேலைக்குப் போவது என் மகன் அல்ல, நான் என்றேன். மனைவியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். படியிறங்கும்போது நீ என்னைப் பிடித்துக்கொண்டாய்.

"ஒரு கையெழுத்துதான ஏட்டி, போட்டுட்டுப் போறான். வீடு எம்புட்டு காத்தோட்டமா இருந்துச்சு."

"என் வீட்டுக்கு நான்தான் கையெழுத்துப் போடுவேன்."

"வீம்பு." நாலு படி இறங்கிய பிறகு, "அதுவுஞ் சரிதான். அந்த வீட்டுத் தண்ணியும் சப்புன்னு இருந்துச்சு" என்றாய்.

இரண்டாவது வீட்டில் நீ தண்ணீர் கேட்டதற்கு அந்த அம்மாள் இரண்டு கிளாஸ் குளிர்பானம் கொண்டுவந்து கொடுத்தார். நீ மரியாதையாகக் குடித்துவிட்டு வெளியே வந்து, "தண்ணி கேட்டா கலரக் குடுக்கா. என்னமோ மறைக்கா. இது ஆகாது" என்றாய். எனக்கும் அந்த வீட்டுச் சமையலறையின் மூலைகள் பிடிக்கவில்லை. உன் காரணம் சரியென்று அதற்காக ஒப்புக்கொண்டுவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் என் கால்கள் ஓய்ந்துவிட்டன. மகன் இருமுறை போனில் கூப்பிட்டு, "என்னம்மா, அமைஞ்சுதா?" என்று கேட்டான். அவன் குரலில் இருந்த கனிவு எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆதம்பாக்கத்தில் கடைசியாக ஒரு வீடு பாக்கி. இரண்டாவது மாடி. லிஃப்ட் உண்டு. கிழக்கே பார்த்த ஜன்னல். அலுவலகத்துக்கு ஒரே பஸ். சொந்தக்காரப் பெண்மணி முதல் மாடியில் இருந்தார். அவர் வீட்டில் உட்கார்ந்து நீ டம்ளரை நீட்டினாய். தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாய்.

"ஏட்டி, ஒங்க ஊரு ஆறாவது மைல் அணைத் தண்ணி மாரியே இருக்கு. முடிச்சுரு."

அந்த அம்மாள்தான் தயங்கினார். "தப்பா நினைக்காதீங்கம்மா. வயசானவங்க, தனியா வேற இருக்கப் போறீங்க. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

கோபம் வந்தால் எனக்கு இங்கிலீஷ் வரும். வாயைத் திறந்தேன். நீ என் கையை அழுத்திவிட்டு முந்திக்கொண்டாய்.

"இவளுக்கு ஒண்ணும் ஆகாது தாயி. சுகரு, பிரசரு, முட்டுவலி அம்புட்டும் எனக்குத்தான். போறதுன்னா நாந்தான் மொதல்ல போவேன். அப்பவும் எங்க ஊருலதான் போவேன், ஒங்க வீட்டுல வந்து போக மாட்டேன். பயப்படாதீக."

அவர் சிரித்துவிட்டார். அக்ரிமென்டில் என் கையெழுத்தை முழுப் பெயரோடு போட்டேன். எழுத்து என்றைக்கும் இல்லாத அழகாக வந்தது.

அன்று சாயங்காலமே பால் காய்ச்சிவிட வேண்டும் என்றாய். மகனும் மருமகளும் அடுப்பும் புதுப் பானையும் சீனியும் பால் பாக்கெட்டுகளுமாக வந்தார்கள். வீட்டுக்கார அம்மாளும் மேலே வந்து நின்றார். அடிப்பிடிக்காமல் இருக்க முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிறகு பாலை ஊற்றுவது உன் கை வழக்கம். சமையலறைக் குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்தாய், பாலை ஊற்றினாய், அடுப்பைப் பற்றவைத்தாய். எல்லோரும் பால் பொங்குவதற்காகக் காத்திருந்தோம்.

பால் பொங்கவில்லை. திரிந்தது.

புது வீட்டில், முதல் பால், திப்பி திப்பியாக மிதந்துகொண்டிருந்தது. மருமகள் மெல்ல, "ஐயோ அத்தை" என்றாள். மகன் என் பக்கத்தில் வந்தான். "அம்மா, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. நம்ம வீட்டுக்குப் போயிரலாம்" என்றான். சகுனம் பார்ப்பது அறிவீனம் என்று கான்வென்டில் படித்தவள் நான். ஆனாலும் அந்த நிமிடம் நான் வாயைத் திறந்திருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

நீ குழாயைத் திறந்து விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாய். வீட்டுக்கார அம்மாள் பக்கம் திரும்பினாய்.

"தாயி, மத்தியானம் எனக்கு எந்தத் தண்ணி குடுத்தீக?"

"கேன் தண்ணிதாம்மா. இங்க எல்லாரும் குடிக்கிறதுக்குக் கேன்தான். குழாய்ல வர்றது உப்பு, அது பாத்திரம் கழுவ."

உன் முகத்தை நான் மறக்கவே மாட்டேன். தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் குடித்துப் பார்த்துச் சம்பந்தம் முடித்த குடும்பத்தின் வாரிசு, பிளாஸ்டிக் கேனிடம் ஏமாந்து நின்றாய். பிறகு அந்தச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாய். "ஆறாவது மைலுன்னு சொல்லிட்டேனே மதர்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். எனக்கும் தொற்றிக்கொண்டது.

சிரித்து முடித்ததும் முந்தானையை இடுப்பில் செருகினாய். "ஏத்தா, அந்தச் சீனிய எடு" என்று மருமகளிடம் சொன்னாய். மிச்சப் பாலையும் அதிலேயே ஊற்றினாய். தீயைக் கூட்டினாய். "ஏட்டி மதர், சும்மா நிக்காத. கரண்டியப் பிடி." முகத்தைத் தொங்கப் போட்டு நின்ற என் மகனைப் பார்த்து நீ சொன்னதுதான் அன்றைய தீர்ப்பு.

"தம்பி, எங்க வீட்டுல பால் திரிஞ்சா வீட்ட மாத்த மாட்டோம். சீனியப் போட்டுக் கிண்டுவோம்."

செத்த நேரத்தில் நீர் வற்றி, மணல் மணலாகப் பொன்னிறத்தில் திரண்டு வந்தது. மாடிப்படி முழுவதும் அந்த மணம் இறங்கிப் போனது. பக்கத்து வீட்டுக் கதவு தானாகவே திறந்தது. நீ தட்டுகளில் வைத்து எல்லா வீட்டுக்கும் எடுத்துப் போனாய். "ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பலகாரம். எங்க மதர் புதுசாக் குடிவந்திருக்கா, பாத்துக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே போனாய். திரிந்த பால் என்று யாரிடமும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய், யாரும் கேட்கவில்லை. என் மகன் ஒரு தடவை வாங்கித் தின்றான், மறுபடியும் தட்டை நீட்டினான். "சரிம்மா" என்றான். "ஞாயித்துக்கிழமையாவது வீட்டுக்கு வந்துரு." தோற்றாலும் அழகாகத் தோற்கத் தெரிந்தவன்.

திங்கட்கிழமை காலையில் என் வீட்டை நானே பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அதன் பிறகு சில மாதங்களுக்கு ஒரு முறை உன் போன் வரும். "பால் திரிஞ்ச வீட்டுக்கு வாரேன்" என்பாய். கடைவீதிக்கும் கடற்கரைக்கும் கூட்டிப் போகத் திட்டம் போட்டு வைப்பேன். நீ எங்கும் வர மாட்டாய். முதல் தடவை வந்தபோது வெயில் ஜன்னலைத் தாண்டிக் கட்டிலுக்கு வரும்வரை தூங்கினாய். உடம்பு சரியில்லையோ என்று பயந்து எழுப்பினேன். "நல்லாத்தான் இருக்கேன். கல்யாணமான நாள்லருந்து அடுப்பப் பத்தவைக்க நாந்தான் மொதல்ல எந்திரிக்கேன். இங்க என்னைய யாரும் தேடல, அதான்" என்று சொல்லிப் புரண்டு படுத்தாய். அந்த வீட்டை எனக்காக மட்டும் பிடித்ததாக அதுவரை நினைத்திருந்தேன். அன்று காப்பியைக் கட்டிலுக்கே கொண்டுவந்து கொடுத்தேன். என் வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து யாரும் எதையும் குடிக்கக் கூடாது என்பது விதி. உனக்குத் தெரியும். ஒரு சொட்டுச் சிந்தவும் செய்தாய்.

வேலை முடிந்து நான் இராஜபாளையம் திரும்பிய பிறகு, போன மழைக்காலத்தில் நீ போய்விட்டாய். அந்த அம்மாளிடம் சொன்னபடியே முதலில் போனாய், சொன்னபடியே உங்கள் ஊரில். இப்படிச் சொன்ன சொல்லைக் காப்பாற்றும் பழக்கம் வீட்டுப்பாடம் எழுதுவதில் உனக்கு இருந்ததில்லை. துக்கம் கேட்க வந்த எனக்கு உன் மருமகள் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். அதை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். நல்ல தண்ணீர். பிறகு உன் டம்ளரை எனக்குத் தரச் சொல்லிக் கேட்டேன். அவள் காரணம் கேட்காமல் துடைத்துக் கொடுத்தாள்.

போன வாரம் அந்த ஏற்றுமதி நிறுவனத்திலிருந்து மறுபடியும் கூப்பிட்டார்கள். நான் போன பிறகு கடிதங்கள் கெட்டுப்போயினவாம். அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இன்னும் ஒரு வருடம் வரச் சொல்கிறார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பழைய வீட்டில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள், புதிதாகப் பார்க்க வேண்டும். மகன் இந்த முறை அறையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. "வீட்ட நீயே பாரும்மா. ஆனா எந்தத் தண்ணின்னு கேட்டுட்டுக் குடி" என்றான்.

வெள்ளிக்கிழமை ரயில். ஜன்னல் ஓர இருக்கை, சீட்டில் எண் போட்டிருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டி நிற்கும்போது நான் கொஞ்சம் தள்ளி உட்காருவேன். இடம் காலியா என்று யாராவது கேட்டால், வண்டி கிளம்பட்டும் என்று சொல்வேன்.

பெட்டி கட்டியாயிற்று. மேலாக உன் டம்ளரையும், அதை ஒட்டிச் சீனிப் பொட்டலத்தையும் வைத்திருக்கிறேன். புது வீட்டில் பாலுக்குக் குழாய்த் தண்ணீரைத்தான் விடப் போகிறேன். திரியாமல் பொங்கிவிட்டால் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.