பூஜ்யத்துக்கு என்ன அர்த்தம்

சிங்கப்பெருமாள் கோயில்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்தபின்

கர்த்தருக்குள் பிரியமான ஜெபாவுக்கு ஹெலன் எழுதுவது. நானும் ஜாய்ஸும் சுகம். அவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். மஸ்கட்டில் வெயில் எப்படி? வருகிற வியாழக்கிழமை அங்கே இன்னும் இரண்டு வருஷ வேலைக்குக் கையெழுத்துப் போடப் போவதாகச் சொன்னீர்கள். அதற்குள் இதைப் படித்துவிட வேண்டுமே என்று படமெடுத்து அனுப்புகிறேன். போனில் என் வாய் வேறு எதையாவது உளறிவிடும்.

ஒட்டுக்கேட்கிற உத்தியோகம் என்று கிண்டல் பண்ணுவீர்களே, அதே வேலைதான் ஓடுகிறது. இப்போது மாமல்லபுரம் சாலையில், சவுக்குத் தோப்பு ஓரத்து மின்சாரக் கார் சார்ஜரில். கரண்ட் ஏறும் முன் காரும் சார்ஜரும் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்கின்றன, எவ்வளவு தாங்குவாய், எவ்வளவு தருவாய் என்று. எல்லாம் வெறும் எண்கள். எதற்கு என்ன அர்த்தம் என்று செய்தவர்கள் சொல்ல மாட்டார்கள். நாங்களே கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்து, அதே பாஷை பேசும் ஒரு பெட்டி செய்ய வேண்டும். மத்தியானக் கடல்காற்றில் கண் சொக்கும். காருக்குள் உட்கார்ந்து எண்கள் ஓடுவதைப் பார்த்தால், பக்கத்து அறையில் யாரோ இரண்டு பேர் மெல்லப் பேசிக்கொள்வதுபோல் இருக்கிறது. பாதித் தூக்கத்தில் அதில் ஒரு குரல் உங்களுடையது என்றே நினைத்துவிட்டேன். சிரிக்காதீர்கள்.

ஓரிடத்தில் கார் பூஜ்யம் அனுப்பும். ‘எனக்கு ஆட்சேபணை இல்லை’ என்று அதற்கு அர்த்தம் போட்டவள் நான்தான். அதை நம்பி எங்கள் பெட்டி கரண்ட் கொடுத்தால், கார் டக்கென்று தொடர்பை அறுத்துக்கொள்ளும். ஒரே பேஜார். கூட வேலை செய்யும் சங்கரி பழைய பதிவுகளைத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். நிஜ சார்ஜர் பூஜ்யம் வந்தால் எதுவும் தருவதில்லை. வேறு எண் வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்கிறது.

“யக்கா, இது சரின்னு சொல்லல. கோவத்துல ‘உன் இஷ்டம்’னு சொல்லுவோமே, அது” என்றாள்.

எனக்குச் சுரீர் என்றது. போன வாரம் ‘கையெழுத்துப் போடட்டுமா’ என்று நீங்கள் கேட்டபோது நானும் அதைத்தானே சொன்னேன், உங்க இஷ்டம் என்று? நீங்களும் “சரிம்மா” என்று போனை வைத்துவிட்டீர்கள். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் அந்த வார்த்தை புரியவில்லையா? மறுபடி ஒரு தடவை கேட்டால் என்ன குறைந்துவிடும்? கோபம்தான் எனக்கு. சங்கரி பார்க்காமல் கடல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

பெட்டியைக் காத்திருக்கப் பழக்கினோம். கார் ஒத்துக்கொண்டது. உள்ளே விசிறி மெல்ல இரைய, நான் அப்படியே கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். உங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்க ஆசையாக இருந்தது.

இங்கே வேலை கிடைக்காதா என்ன, சேர்ந்து தேடுவோம். புதன்கிழமை கூப்பிடுங்கள். அதே கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். நான் சும்மா இருந்தால், இன்னொரு தடவை கேளுங்கள்.

கர்த்தர் உங்களைச் சுகமாகக் காத்து, எனக்கே திருப்பித் தரட்டும்.

உங்கள்
ஹெலன்